ஐம்பது நிமிடத்தில் செல்லும்

இன்னும் ஏழரை மணி நேரம் ஆகும் ஆன்ட்டி. இப்பத்தான் நாமக்கல் தாண்டியிருக்கோம். கரூர், திண்டுக்கல், மதுரை, அருப்புக்கோட்டை, அதுக்கு அப்புறம்தான் தூத்துக்குடி. நாலு மணிக்கு இறங்கிடலாம். கூடையை இந்தப் பக்கம் தள்ளி வச்சுக்குங்க, என் காலுக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்லை. சேலத்து மாம்பழமா? மகளுக்கா? வாசனையே சொல்லுது.

ஏரோப்ளேன்ல போனா ஐம்பது நிமிஷம்.

சும்மா சொல்லலை. சேலம் விமான நிலையத்துக்கும் தூத்துக்குடி விமான நிலையத்துக்கும் நடுவுல முந்நூத்து முப்பத்தொன்பது கிலோமீட்டர். நேர்க்கோட்டுல. ரெண்டும் மேப்புல ஒண்ணுக்குக் கீழே ஒண்ணா இருக்கு. ஸ்கேலை வச்சு மேலேருந்து கீழே இழுத்தா கோடு கொஞ்சம்கூடச் சாயாது. நான் எம்.எஸ்சி. புவியியல். அந்தக் கோட்டை அளந்தது நான்தான்.

ஆனா 'போனா'ன்னு சொன்னேன் பாருங்க. அதைக் கவனிச்சீங்களா? போனா. யாரும் கவனிக்கறது இல்லை. அதுதான் பிரச்சினையே.

நான் இப்படி யார்கிட்டயும் பேசறவ இல்லை ஆன்ட்டி. என் பேரு பேச்சியம்மாள். எங்க குலசாமி பேரு. ஸ்கூல்ல, காலேஜ்ல, ஆபீஸ்ல, எங்க போனாலும் முதல் நாள் ஒரே ஜோக்தான்: "பேருதான் பேச்சி!" ரெண்டாவது நாள் அந்த ஜோக்கையும் விட்டுடுவாங்க, என்னையும் விட்டுடுவாங்க. எனக்கு அது வசதியாத்தான் இருந்துச்சு. இன்னைக்கு மட்டும் பேசிப் பார்க்கணும். ஏன்னு அப்புறம் சொல்றேன். நீங்க கேட்டாலும் சரி, தூங்கினாலும் சரி.

எனக்கு வேலை சேலத்துல, அஞ்சு ரோடு பக்கம். ஒரு மாடி, ஒன்பது கம்ப்யூட்டர், ஒரு தண்ணி கேன். இணையதளத்துக்குத் தமிழ்ல எழுதிக் கொடுக்கற கம்பெனி. ஒருத்தி நட்சத்திர பலன் எழுதுவா. ஒருத்தன் தலைமுடி கொட்டறதைப் பத்தியே ரெண்டு வருஷமா எழுதறான், அவனுக்கே இப்ப கொட்ட ஆரம்பிச்சிடுச்சு. எனக்குக் கொடுத்தது விமான நிலையம். இந்த ஊர்லேருந்து அந்த ஊருக்கு விமான தூரம் எவ்வளவு, பயண நேரம் எவ்வளவு. ஒரு ஜோடிக்கு ஒரு பக்கம். மொத்தம் ஆயிரத்து நானூத்துப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கேன்.

விமானத்துல போயிருக்கியான்னு கேக்கறீங்களா? இல்லை. கிட்டப்போய்ப் பார்த்ததுகூட இல்லை. அதுக்கும் வேலைக்கும் சம்பந்தம் இல்லையே. அட்சரேகை, தீர்க்கரேகை தெரிஞ்சா போதும். தூரத்தைக் கண்டுபிடிச்சு, மணிக்கு அறுநூறு கிலோமீட்டர்னு வகுத்து, ஏறி இறங்க ஒரு பதினஞ்சு நிமிஷம் சேர்த்துக்கணும். அந்தப் பதினஞ்சு நிமிஷம் என் யோசனை. அதுக்கு முன்னாடி இருந்தவர் அதைச் சேர்க்காமலே எழுதிட்டுப் போயிருந்தார். அவர் கணக்குப்படி விமானம் தரையில நிக்கறப்பவே அறுநூறுல ஓடும். பூபாலன் சார் ஒரு தடவை எல்லார் முன்னாடியும், "பேச்சியம்மா நம்பர் போட்டா அது நம்பருங்க"ன்னு சொன்னார். பூபாலன் சார்தான் எங்க மேனேஜர். நாலு வருஷத்துல அவர் என்னைப் பாராட்டினது அந்த ஒரு தடவைதான்.

நான் முதல்ல எப்படி எழுதினேன் தெரியுமா? 'தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து சேலம் விமான நிலையத்திற்கு ஒரு விமானம் நேராகச் சென்றால் ஐம்பது நிமிடம் ஆகும்.' சென்றால். ஏன்னா அந்த ஜோடியில பாதிக்கு மேல நேரா விமானமே கிடையாது. சில ஊர்ல ஓடுபாதையில ஆடு மேயுது. அதுக்கெல்லாம்கூட நான் நிமிஷம் போட்டிருக்கேன். சென்றால்னு போட்டா அது பொய் இல்லை, இல்லையா? சென்றால்தானே!

பூபாலன் சார் படிச்சுப் பார்த்துட்டு, "இந்த ஆல் எதுக்குங்க?"ன்னார். "சென்றால், வந்தால், இருந்தால்னு போட்டீங்கன்னா படிக்கிறவனுக்கு உள்ளுக்குள்ள டவுட்டு வந்துருமுங்க. அடுத்த பக்கத்துக்கு ஓடிருவான். செல்லும்னு அடிச்சுப் போடுங்க." நான், சார், விமானம் இல்லாத ஊருக்கெல்லாம்... அப்படின்னு ஆரம்பிச்சேன். முடிச்சேனான்னு ஞாபகம் இல்லை. முடிச்சிருக்க மாட்டேன். அவர், "நம்ம வேலை எவ்வளவு நேரம்னு சொல்றது. இருக்குதா இல்லையான்னு அவன் பாத்துக்குவான்"னார். கம்ப்யூட்டர்ல ஒரு சொல்லைத் தேடி எல்லா இடத்துலயும் ஒரே அடியா மாத்தலாம் ஆன்ட்டி. ஒரு பட்டன்தான். 'விமானம் ஐம்பது நிமிடத்தில் செல்லும்.' 'விமானம் முப்பத்தெட்டு நிமிடத்தில் செல்லும்.' ஆயிரத்து நானூத்துப் பன்னிரண்டு ஆல், நான் தண்ணி குடிச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள போயிடுச்சு.

அதனால என் பேர்ல தப்பு இல்லை. கணக்கு சரிதான். சொல்லை மாத்தச் சொன்னது அவர்.

கரூர் வந்துடுச்சு. டீ வேணுமா? எனக்கு வேண்டாம். நீங்க குடிச்சுட்டு வாங்க, கூடையை நான் பார்த்துக்கறேன்.

சரி, எங்க விட்டேன்? அக்கா. இல்லை, அக்காவைப் பத்தி இன்னும் சொல்லவே இல்லையோ?

எனக்கு ஒரே அக்கா. சண்முகக்கனி. கனியக்கான்னுதான் கூப்பிடுவேன். சேலத்துல வெள்ளிக் கொலுசுப் பட்டறை வச்சிருக்கறவருக்குத்தான் அவளைக் கட்டிக்கொடுத்தாங்க. அவங்க வீட்டுல தங்கித்தான் நான் எம்.எஸ்சி. படிச்சேன். அத்தான் கெட்டவர்னு சொல்ல மாட்டேன். குடி கிடையாது, கை நீட்டறது கிடையாது. அவரோட அம்மாவுக்கும் அக்காவுக்கும் ஒத்துவரலை. சாப்பாட்டுல ஆரம்பிச்சு எல்லாத்துலயும். அத்தான் நடுவுல உட்கார்ந்து கொலுசுக்கு மணி கோத்துக்கிட்டே இருப்பார். இந்தப் பக்கமும் பேச மாட்டார், அந்தப் பக்கமும் பேச மாட்டார். ஒரு மனுஷன் பேச வேண்டிய இடத்துல வாயை மூடிக்கிட்டு இருந்தா அது எவ்வளவு பெரிய தப்பு! குடிக்கறதைவிடப் பெரிய தப்பு ஆன்ட்டி. எனக்கு அதை நினைச்சா இப்பக்கூட ஆத்திரம் வருது.

அக்கா ஒரு நாள் கிளம்பி தூத்துக்குடிக்கு அம்மா வீட்டுக்கு வந்துட்டா. மகளுக்கு அப்ப பரீட்சை. தாரணி, ரெண்டாம் வகுப்பு. பரீட்சை முடியட்டும், வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்னு விட்டுட்டு வந்தா. அந்த ஒரு நினைப்புதான். பரீட்சை முடிஞ்சு போய் நின்னப்ப, பிள்ளையை அனுப்பலை. கோர்ட்டுக்குப் போயிடுச்சு. நான் லேடீஸ் ஹாஸ்டலுக்கு மாறிட்டேன். அக்கா தூத்துக்குடியில ஒரு பள்ளிக்கூடத்துல எல்.கே.ஜி. டீச்சர். நாள் முழுக்க அடுத்தவங்க பிள்ளைக்கு மூக்கு துடைச்சு விடறா.

அவளுக்கு பஸ் ஆகாது. சின்ன வயசுலேருந்தே. திருச்செந்தூர் போறதுக்குள்ள மூணு தடவை வாந்தி எடுப்பா. முதல் வாய்தாவுக்கு தூத்துக்குடியிலேருந்து இதே மாதிரி பஸ்லதான் வந்தா. ஒன்பது மணி நேரம். கோர்ட் வாசல்ல இறங்கறப்ப தலை கலைஞ்சு, கண்ணு உள்ள போய், முந்தானையில கறை. நேரா உள்ள கூப்பிட்டுட்டாங்க. அத்தானோட வக்கீல் எழுந்திரிச்சு, "அந்தம்மா இருக்கிற நிலைமையை நீங்களே பாருங்க"ன்னு மட்டும் சொன்னார். வேற ஒண்ணும் சொல்லலை. கையை மட்டும் அவ பக்கம் நீட்டினார்.

வெளியே வந்து அக்கா, "அவன் என் மூஞ்சியப் பாக்கலட்டி, என் சேலையப் பாத்துல்லா சொல்லுதான்"னு சொன்னா. அப்புறம், "அடுத்த வாய்தாவுக்கு நான் கசங்காம வந்து நிக்கணும் பேச்சி"ன்னு சொன்னா. கசங்காம. அந்தச் சொல்லை அவ பத்துத் தடவையாவது சொல்லியிருப்பா.

ரெண்டாவது வாய்தாவுக்கு அவளோட ஸ்கூல்ல விடலை, வர முடியலை. நீதிபதியம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்களாம்: மூணாவதுக்கு ரெண்டு பேரும் வரணும், இல்லைன்னா வந்திருக்கறவங்க சொல்றதை வச்சு முடிச்சிடுவேன்னு. அக்கா கேட்டது பெருசா ஒண்ணும் இல்லை ஆன்ட்டி. பள்ளிக்கூடம் இருக்கறப்ப அப்பாகிட்ட இருக்கட்டும், கோடை லீவு முழுக்க என்கிட்ட இருக்கட்டும். அவ்வளவுதான். அப்ப லீவு ஆரம்பிக்க ஒரு வாரம்தான் இருந்துச்சு.

வாய்தா வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் ஆபீஸ்ல இருக்கறப்ப அக்கா போன் பண்ணினா.

"ஏட்டி பேச்சி, தூத்துக்குடியில இருந்து சேலத்துக்கு ஐம்பது நிமிடத்தில் செல்லும்னு போன்ல போட்டிருக்கு. நெசமாட்டி?"

செல்லும்! தூத்துக்குடியில யாராவது செல்லும்னு பேசுவாங்களா? போவும்னுதான் சொல்வாங்க. அவ என் பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கறா. நாலு வருஷமா எழுதறேன், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கூடப் படிச்சது இல்லை. என்ன வேலை பார்க்கறன்னு அக்கா ஒரு நாளும் கேட்டது இல்லை. கம்ப்யூட்டர் கம்பெனி, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். இப்ப என் எழுத்தை வாசிச்சுக் காட்டி, சரியான்னு என்கிட்டயே கேக்கறா.

"ஆமாக்கா. கணக்கு சரிதான்"னு சொன்னேன்.

"டிக்கெட்டு அங்கனயே எடுத்துக்கிடலாமா?"

"எடுத்துக்கலாம்னுதான் போட்டிருக்கு." அதுவும் என் பக்கத்துல கடைசி வரி. 'பயணச்சீட்டை விமான நிலையத்திலும் பெறலாம்.' எல்லாப் பக்கத்துலயும் அந்த வரி உண்டு.

"அப்ப வியாழக்கிழமை காலையிலேயே கிளம்பினா போதும். குளிச்சு, சேலையை இஸ்திரி போட்டு, அப்படியே வந்து நிப்பேன் பாத்துக்கோ"ன்னா. அவ குரல்ல அவ்வளவு சந்தோஷம் கேட்டு ரொம்ப நாள் ஆச்சு.

விமானம் இருக்கான்னு அவ கேக்கலை ஆன்ட்டி. எவ்வளவு நேரம்னுதான் கேட்டா. கேட்டிருந்தா பார்த்துச் சொல்லியிருப்பேன். பூபாலன் சார் வேற என் பின்னாடி நின்னுக்கிட்டு இருந்தார். வேலை நேரத்துல என்ன போன்னு கேப்பார். அக்கா என்னைவிட ஒன்பது வயசு மூத்தவ, ஒரு பிரயாணம் கிளம்பறதுக்கு முன்னாடி விசாரிக்க வேண்டாமா? அவளும் என்னை மாதிரிதான், விமானம் ஏறினது இல்லை. பஸ் ஸ்டாண்டு மாதிரி நேரா போய் நின்னா ஏறிக்கலாம்னு நினைச்சிட்டா.

நானும் அதை ஞாயித்துக்கிழமை... இல்லை, புதன்கிழமை. புதன்கிழமை சாயங்காலம் தாரணியைப் பார்க்க அத்தான் வீட்டுத் தெருமுனைக்குப் போனேன். அவ டியூஷன் விட்டு வருவா. "நாளைக்கு அம்மா ஏரோப்ளேன்ல வர்றா"ன்னு சொன்னேன். அந்தப் பிள்ளை குதிச்ச குதி! நான் எதுக்கு அதைச் சொன்னேன்? தேவையே இல்லை. ஒரு நல்ல சேதியை என் வாயால சொல்லணும்னு ஒரு ஆசை. வாயைத் திறக்கறதே அபூர்வம், திறந்தா இப்படி.

மதுரையில சாப்பிட அரை மணி நேரம் நிறுத்துவான். தயிர்சாதம் இருக்கு என்கிட்ட. நீங்களும் எடுத்துக்குங்க, நிறைய இருக்கு. ஐயோ, மாம்பழத்தை எனக்காக வெட்டாதீங்க ஆன்ட்டி, மகளுக்குக் கொண்டுபோறது... சரி, ஒரு துண்டு.

வியாழக்கிழமை காலையில ஏழு மணிக்குள்ள அக்கா போன். விமான நிலையத்து வாசல்லேருந்து. வாசல்ல நின்ன காவலர் டிக்கெட்டைக் காட்டுங்கன்னு கேட்டிருக்கார். உள்ள போய்த்தான் எடுக்கணும், சேலத்துக்குன்னு சொல்லியிருக்கா. "சேலத்துக்கு இங்கேருந்து ஃப்ளைட்டே கிடையாதும்மா. மெட்ராஸ் போய் மாறணும். இன்னைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பொழுது போயிடும்"னு சொல்லியிருக்கார். அக்கா விடலை. போனை எடுத்து என் பக்கத்தைக் காட்டியிருக்கா. அவர் படிச்சுப் பார்த்துட்டு இன்னொருத்தரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கார். ரெண்டு பேரும் சேர்ந்து படிச்சிருக்காங்க. "செல்லும்னுதான் போட்டிருக்கு. எவன் போட்டான்னு தெரியலையே"ன்னு சொன்னாங்களாம். பாவம், நல்ல மனுஷங்க. ஒரு ஆட்டோவை நிறுத்தி அவளை பஸ் ஸ்டாண்டுக்கு ஏத்தி விட்டிருக்காங்க.

"ஏட்டி, பிளேன் இல்லையாமே"ன்னு அக்கா அழுதா. "நீ சரின்னு சொன்னியே"ன்னு கேக்கலை. அது அவளோட குணம். "பஸ்ஸைப் பிடிச்சு வாரேன், வக்கீலம்மாகிட்ட சொல்லி எப்படியாச்சும் தள்ளி வைக்கச் சொல்லுட்டி"ன்னா. சரின்னேன்.

வக்கீல் தமயந்தி மேடம்கிட்ட சொன்னேன். அதைச் செஞ்சேன். அவங்க திட்டக்கூட இல்லை. "எனக்கு மேல் மாடியில ஒரு கேஸ் இருக்கு. பத்து நிமிஷத்துல இறங்கி வந்துடுவேன். அதுக்குள்ள உங்க அக்கா பேரைக் கூப்பிட்டா நீ எழுந்திரிச்சு நில்லு. வந்துக்கிட்டு இருக்காங்க, வக்கீல் மேல இருக்காங்கன்னு சொல்லு. அது போதும், கடைசியா எடுத்துக்குவாங்க"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அவ்வளவுதான். ரெண்டே வாக்கியம்.

அந்த ஹால்ல பெஞ்சு எல்லாம் நிறைஞ்சிருந்துச்சு. அத்தான் அந்தப் பக்கம். தாரணி ஓடி வந்து என் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டா. புது ரிப்பன் கட்டியிருந்தா. "சித்தி, அம்மா இறங்கியாச்சா?" அப்படின்னு கேட்டா. வெளியே எங்கயோ ஒரு லாரி சத்தம் கேட்டாக்கூட ஜன்னலுக்கு ஓடிப்போய் மேல பார்த்தா. ரெண்டு தடவை இல்லை, எத்தனையோ தடவை.

நீங்க ஏன் சாப்பிடறதை நிறுத்திட்டீங்க? சாப்பிடுங்க. நான் சொல்லாம விட்டா இனிமே சொல்ல மாட்டேன்.

பேர் கூப்பிடறவர் வாசல்ல வந்து நின்னு, "சண்முகக்கனி"ன்னு கூப்பிட்டார்.

நான் மனசுக்குள்ள தயார் பண்ணிக்கிட்டு இருந்தேன். ஐயான்னு ஆரம்பிக்கறதா, அம்மான்னு ஆரம்பிக்கறதா? நீதிபதி ஒரு பெண். மேடம்னு சொல்லலாமா? 'வந்துக்கிட்டு இருக்காங்க'ன்னா மரியாதையா இருக்குமா, 'வந்துகொண்டிருக்கிறார்'னு சொல்லணுமா? எனக்கு எப்பவும் அப்படித்தான். ஒரு வாக்கியம் உள்ள சரியா உட்கார்ந்தாத்தான் வெளியே வரும். எழுதறப்ப அது பரவாயில்லை. யாரும் காத்துக்கிட்டு நிக்க மாட்டாங்க.

"சண்முகக்கனி"ன்னு ரெண்டாவது தடவை கூப்பிட்டார். தாரணி என் கையைப் பிடிச்சு இழுத்தா. "சித்தி, அம்மா பேரு. அம்மா பேரைக் கூப்பிடறாங்க." நான் உஷ்னு வாயில விரல் வச்சேன். அவளுக்குத்தான் வச்சேன்.

மூணாவது தடவையும் கூப்பிட்டார். அவர் என்னைப் பார்த்துக்கூடக் கூப்பிட்டார். பத்தடிகூட இருக்காது. ஐம்பது நிமிஷம் எல்லாம் இல்லை, ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிருச்சு. என் காலு எந்திரிக்கலை ஆன்ட்டி. பிள்ளை அந்தப் பக்கம் அவங்க அப்பாவைப் பார்த்தா, அப்புறம் என்னைப் பார்த்தா. ஆளுக்கொரு பக்கம் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

தமயந்தி மேடம் இறங்கி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. பிள்ளை அப்பாகிட்டயே இருக்கணும். லீவு கிடையாது. மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை கோர்ட் வளாகத்துல ரெண்டு மணி நேரம் அம்மா வந்து பார்த்துக்கலாம். அதுக்கு அக்கா போக ஒன்பது மணி நேரம், வர ஒன்பது மணி நேரம் பஸ்ல உட்காரணும்.

மேடம் என்னைப் பார்த்து, "நீ இருந்தியா இல்லையா?"ன்னாங்க.

"பாத்ரூம் போயிருந்தேன் மேடம். கூப்பிட்டது கேக்கலை"ன்னு சொன்னேன். பாருங்க, அந்த வாக்கியம் யோசிக்காமலே வந்துச்சு.

அக்கா அஞ்சு மணிக்கு வந்தா. கோர்ட் படிக்கட்டுல நான் மட்டும்தான் இருந்தேன். நீலச் சேலை. இஸ்திரி போட்டுக் கட்டினது அப்படியே தெரிஞ்சுது, மடிப்பு மடிப்பா, அது மேலதான் எல்லாம். முகத்தைக் கழுவிக்கிட்டு படியில உட்கார்ந்து, "அந்தப் பக்கத்தை எழுதினவன் கைய ஒடிக்கணும் பேச்சி"ன்னா.

"ஆமாக்கா"ன்னு சொன்னேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சொன்னா.

மறுநாள் ஆபீஸுக்குப் போனதும் முதல் வேலையா அந்தப் பக்கத்தைத் திருத்தினேன். அந்த ஒரு பக்கம் மட்டும். யாருக்கும் தெரியாது. 'நேராகச் சென்றால்'னு பழையபடி போட்டேன். 'நேரடி விமானச் சேவை இல்லை'ன்னு ஒரு வரியும் சேர்த்தேன். அன்னைக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன். ஒரு தப்பைச் சரி பண்ணிட்டேன், இனிமே வேற எந்தக் கனியக்காவும் போய் நிக்க மாட்டான்னு நினைச்சேன்.

பத்து நாள் கழிச்சு தமயந்தி மேடம் கூப்பிட்டாங்க. வழி இருக்காம். முப்பது நாளுக்குள்ள, ஏன் வர முடியலைன்னு காரணம் எழுதி மனு போட்டா, மறுபடியும் எடுப்பாங்களாம். "அந்த வெப்சைட் பக்கத்தைக் காட்டினா போதும்னு நினைச்சேன். இப்பத் திறந்து பார்த்தா சரியாத்தானே இருக்கு? நேரடிச் சேவை இல்லைன்னு தெளிவாப் போட்டிருக்கு. உங்க அக்கா சரியாப் படிச்சாங்களா?"ன்னு கேட்டாங்க.

அதையே அக்காகிட்டயும் கேட்டிருக்காங்க. அன்னைக்கு அக்கா எனக்குப் போன் பண்ணினா. "பேச்சி, நான் என் கண்ணால பாத்தேன்ட்டி. செல்லும்னுதான் இருந்துச்சு. வாசல்ல நின்னவங்களும் படிச்சாங்க. இப்ப பாத்தா வேற மாதிரி இருக்கு. எனக்கு என்னமும் கோளாறாட்டி? பிள்ளைய என்கிட்ட விடக்கூடாதுன்னு அவங்க சொல்லுதது சரிதானோ?"

அதைக் கேட்டதுலேருந்துதான் ஆன்ட்டி, எனக்குச் சாப்பாடு இறங்கலை. உங்க மாம்பழத்தைத்தான் இன்னைக்குச் சாப்பிட்டேன்.

பக்கத்தை நான் தொடாம விட்டிருந்தா அவளுக்கு சாட்சி இருந்திருக்கும். நான் நல்லதுன்னு நினைச்சுச் செஞ்சது...

அருப்புக்கோட்டை தாண்டியாச்சு. இல்லையா? தூங்கிட்டீங்களோன்னு பார்த்தேன்.

இது அந்த மனு. மேடம் டைப் பண்ணிக் கொடுத்திருக்காங்க. அக்காகிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டுத் திரும்பணும். இன்னும் நாலு நாள்தான் இருக்கு. இதுல மூணாவது பக்கம் பாருங்க. 'மனுதாரரின் பெயர் மும்முறை அழைக்கப்பட்டபோது அவர் தரப்பில் எவரும் அங்கு இல்லை.' எழுதறதோட பிழை திருத்தறதும் என் வேலைதான் ஆன்ட்டி. ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை ஒண்ணும் இல்லை. நல்ல வாக்கியம். ஆனா தப்பு. எவரும் இல்லைன்னு போட்டிருக்கு. நான் இருந்தேன். ஏழு வயசுப் பிள்ளை ஒண்ணு சாட்சி இருக்கு.

நேத்து மேடம்கிட்ட போன்ல ஒண்ணு கேட்டேன். யாரோ ஒருத்தரைப் பத்தி கேக்கற மாதிரிதான் கேட்டேன். அந்தப் பக்கத்தை எழுதினவங்களே கோர்ட்டுல வந்து, முதல்ல செல்லும்னுதான் இருந்துச்சு, அப்புறம் நான்தான் மாத்தினேன்னு சொன்னா? மேடம், "அதைவிட என்னம்மா வேணும்? ஆனா யாரு வந்து சொல்லப் போறாங்க?"ன்னாங்க. வேலை போயிடும். பூபாலன் சார் வச்சுக்க மாட்டார். அது பரவாயில்லை. எழுந்திரிச்சு நின்னு சொல்லணுமே. அத்தனை பேர் முன்னாடி. அதுக்கு முன்னாடி அக்கா முன்னாடி.

அதனாலதான் உங்ககிட்ட சொல்லிப் பார்த்தேன். உங்களை இனிமே நான் பார்க்கப் போறது இல்லை. ஒரு தடவை முதல்லேருந்து கடைசி வரைக்கும் வாயால சொல்ல வருதான்னு பார்த்தேன். நடுவுல கொஞ்சம் மழுப்பினேன், கவனிச்சிருப்பீங்க. அவ கேக்கலைன்னு சொன்னேன். பூபாலன் சார் பின்னாடி நின்னார்னு சொன்னேன். அவர் நின்னது நிஜம்தான். ஆனா அதனால இல்லை. அக்கா என் பக்கத்தைப் படிக்கறாளேன்னு இருந்த சந்தோஷத்துல, விமானம் இல்லைங்கறது தெரிஞ்சும் எனக்கு ஞாபகமே வரலை. அதை எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை. தெரிஞ்சும் ஞாபகம் வரலை. இந்த வாக்கியம் சரியா இருக்கா ஆன்ட்டி?

என் கையைப் பிடிச்சிருக்கீங்களே, போதும்.

பைபாஸ் வந்துடுச்சு. காத்துல உப்பு வாசனை அடிக்குது பாருங்க. உங்க மகள் வந்திருப்பாங்களா கூட்டிக்கிட்டுப் போக? கூடையை நான் எடுத்துக் கொடுக்கறேன், நீங்க மெதுவா இறங்குங்க. அவசரம் இல்லை, இதுதான் கடைசி ஸ்டாப்.

அதோ, அந்தக் குடை. நீலச் சேலை. அதேதான். துவைச்சு இஸ்திரி போட்டுக் கட்டியிருக்கா. என்னைக் கூப்பிட வந்ததுக்கா இவ்வளவு! கண்ணாடி கறுப்பா இருக்கறதால அவளுக்கு நான் தெரியலை. ஒவ்வொரு ஜன்னலா எட்டிப் பார்க்கறா.

"ஏட்டி பேச்சி!"

கேக்குதா? அவதான்.

இறங்கறவங்க இறங்கட்டும், கூட்டம் குறையட்டும்னு பார்க்கறேன். முதல்ல என்ன சொல்லணும்? அக்கா, நான்தான்னு ஆரம்பிக்கவா? இல்லை, மூணாவது பக்கத்துல ஒரு தப்பு இருக்குக்கான்னு...

"பேச்சி! ஏட்டி!"

ரெண்டு தடவை ஆயிடுச்சு.

ஆன்ட்டி, கொஞ்சம் காலை நகர்த்துங்க. மூணாவது தடவை கூப்பிடறதுக்குள்ள நான் எழுந்திருக்கணும்.